மலையில் மழை, வயலில் கச்சான்: எமது பருவங்களை அறிந்துகொள்வோம்

கல்முனைக்கு மேற்கே உள்ள ஒரு குடியேற்றத்தில், சில வருடங்களுக்கு முன்னர், ஒரு தாய் எம்மிடம் கேட்ட கேள்வியிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். 1983 ஆம் ஆண்டு வன்செயலின்போது மலைநாட்டைவிட்டுச் சிறுமியாக வந்தவர் அவர். இரண்டு மூன்று இடங்கள் மாறி, இறுதியில் எமது கரையோரத்தில் ஒன்றரை ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்துச் செய்துவந்தார். அவ்வருடச் சிறுபோகத்தில் அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் சித்திரையில் விதைத்தார்கள். கையில் பணமில்லாத காரணத்தால் இவர் பிந்திவிட்டார். வைகாசி முடியும் தறுவாயில், ஹற்றனில் இருக்கும் உறவினர் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னார்கள்: "இங்கே பத்து நாளாய் விடாத மழை. காசல்ரீ அணை நிரம்பி வழியுது." மலையில் நீர் நிரம்பினால் கீழேயும் நிரம்பும்தானே என்று இவர் நம்பினார். காதில் கிடந்ததை அடகுவைத்து விதைத்தார்.

ஆடி பிறந்தபோது வாய்க்காலில் தண்ணீர் இல்லை. குடலை தள்ளிய பயிர் கச்சானில் வெந்தது. அறுவடைக்கு ஆளும் தேவைப்படவில்லை, சாக்கும் தேவைப்படவில்லை.

"சுவாமி, மலையிலே பத்து நாளாய்க் கொட்டின மழை எங்கே போனது?" என்பதே அவர் கேட்ட கேள்வி.

எமக்கு முன்னர் பதில் சொன்னவர், அவ்விடத்தில் நின்ற வயதான வட்டவிதானை ஒருவர். சாய்ந்தமருதைச் சேர்ந்தவர். "தங்கச்சி, அது நம்மட மழை இல்ல. நம்மட மழை வாடையோடதான் வரும்" என்றார்.

அந்த ஒரே வசனத்தில் எமது நாட்டின் காலநிலை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆனால் அதை ஏன் என்று அறிந்துகொண்டால்தான் அது எமக்குப் பயன்படும். யுத்தத்தாலும், கடல்கோளாலும், வெள்ளத்தாலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கள் பாத்திர பண்டங்களுடன் இன்னொன்றையும் சுமந்துகொண்டு வருகின்றன. அது பிறந்த ஊரின் பருவக் கணக்கு. எந்த மாதம் மழை, எந்த மாதம் காற்று, எப்போது விதைக்கலாம் என்னும் அந்தக் கணக்கு, புதிய இடத்தில் பிழைத்துப்போகலாம். பிழைத்தால் நட்டம் ஒரு போகத்துடன் முடிவதில்லை. கடனாக அது அடுத்த இரண்டு மூன்று போகங்களுக்கும் தொடர்ந்து வரும்.

நாட்டின் நடுவே ஒரு மதில்

இலங்கைப் படத்தை ஒருமுறை பாருங்கள். சுற்றிவரக் கடல். கரையோரம் முழுவதும் சமதரை. நடுவில், சற்றுத் தெற்கே தள்ளி, மலைகள் குவிந்து நிற்கின்றன. மிக உயர்ந்த சிகரமான பீதுருதாலகாலை 2,524 மீற்றர் உயரமானது. நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1,880 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது.

மேலே செல்லச் செல்லக் குளிர் கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பொதுவாக ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை சுமார் ஆறரைப் பாகை செல்சியஸ் குறைகிறது. ஆகவேதான் எமது கரையோரத்தின் சராசரி வெப்பநிலை 27, 28 பாகையாக இருக்கும்போது நுவரெலியாவில் அது 16 பாகையளவில் இருக்கிறது. சூரியன் ஒன்றே, நாடும் ஒன்றே. உயரம்தான் வேறுபாடு.

குளிரைக் கொடுப்பதோடு மலையின் வேலை முடிந்துவிடுவதில்லை. வீசும் காற்றுக்குக் குறுக்கே அது ஒரு மதிலாகவும் நிற்கிறது. அந்த மதிலின் எந்தப் பக்கத்தில் நாம் குடியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தே எமக்கு எப்போது மழை, எப்போது வரட்சி என்பது அமைகிறது.

நான்கு பருவங்கள்

எமது நாட்டின் வருடத்தை வானிலை அறிஞர்கள் நான்காகப் பிரிக்கின்றனர்.

முதலாவது, மார்ச், ஏப்ரல் மாதங்கள். இதில் பெருங்காற்று எதுவும் நிலையாக வீசுவதில்லை. காலையில் வெயில் எரிக்கும். நிலம் சூடேறி அதன்மேலுள்ள காற்று மேலெழும். பிற்பகலில் இடியும் மின்னலுமாக மழை கொட்டும். பாடசாலைப் புத்தகங்கள் இதனை மேற்காவுகை மழை என்று கூறும்.

இரண்டாவது, மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றுக் காலம். காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துகொண்டு கொழும்பு, காலிப் பக்கத்திலிருந்து நாட்டினுள் நுழைகிறது.

மூன்றாவது, ஒக்டோபர், நவம்பர் மாதங்கள். மீண்டும் பிற்பகல் இடிமழை. அத்தோடு வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்களும் சூறாவளிகளும் உருவாகும் காலமும் இதுவே.

நான்காவது, டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம். நாம் வாடை என்று சொல்லும் காற்று இது. வங்காள விரிகுடாவைக் கடந்து எமது கரையில்தான் முதலில் மோதுகிறது.

இந்த நான்கில் எமது அம்பாறைக் கரையோரத்துக்கு மழை தருபவை பெரும்பாலும் பின்னிரண்டுமே. எமக்கு அருகிலுள்ள மட்டக்களப்பின் மழைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். வருடமொன்றுக்கு அங்கே ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதில் டிசம்பர் மாதத்தில் மட்டும் 400 மில்லிமீற்றருக்கு மேல். நவம்பரில் 350 அளவில். ஆனால் மே, ஜூன், ஜூலை ஆகிய மூன்று மாதங்களையும் சேர்த்தாலும் 150 மில்லிமீற்றரைத் தொடுவதில்லை. இதே காலத்தில் மலையின் மேற்குச் சரிவிலுள்ள வட்டவளை, கினிகத்தேனைப் பகுதிகளில் மழை ஓய்வதேயில்லை. அப்பகுதிகளின் வருட மழை 5,000 மில்லிமீற்றரையும் கடக்கிறது.

காற்று மலையேறும்போது நடப்பது

இந்த வேறுபாடு எவ்வாறு உண்டாகிறது? அடுப்பில் சோற்றுப் பானை கொதிக்கும்போது மூடியைத் தூக்கிப் பாருங்கள். மூடியின் உட்புறம் நீர்த்துளிகள் தொங்கும். சூடான ஆவி, குளிர்ந்த மூடியில் பட்டு நீராகிறது. மலையிலும் இதுவே நடக்கிறது. ஆனால் அங்கே மூடி இல்லை. காற்று மேலேறும்போது தானாகவே விரிந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்றினால் அவ்வளவு ஈரத்தையும் தாங்க முடிவதில்லை. தாங்க முடியாத ஈரம் முகிலாகி, மழையாகி விழுகிறது.

தென்மேல் காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது தன் ஈரத்தின் பெரும்பகுதியை அங்கேயே இறக்கிவைத்துவிடுகிறது. சிகரத்தைக் கடந்து எமது பக்கம் இறங்கும்போது அது வெறுங்கையுடன் வருகிறது. மழை தராமல் இருப்பதோடும் அது நிற்பதில்லை. அனலாகவும் மாறிவிடுகிறது. அது ஏன் என்பதை ஒரு சிறிய கணக்கினால் விளக்கலாம்.

மேற்குக் கரையில் காற்றின் வெப்பம் 30 பாகை என்று வைத்துக்கொள்வோம். முகில் உண்டாகும்வரை, மேலேறும் காற்று ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் சுமார் 10 பாகை குளிரும். ஆகவே 1,000 மீற்றர் உயரத்தில் அது 20 பாகை. அங்கே முகில் கட்டுகிறது. ஆவி நீராக மாறும்போது தன்னுள் ஒளித்துவைத்திருந்த வெப்பத்தை வெளிவிடும். அதனால் அதற்கு மேலே காற்று மெதுவாகவே குளிரும். அடுத்த 1,000 மீற்றருக்குச் சுமார் 5 பாகைதான். 2,000 மீற்றரில் அது 15 பாகை. இனி எமது பக்கம் இறங்குகிறது. இப்போது காற்றில் முகில் இல்லை, நீரில்லை. எனவே இறங்கும் ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் முழுமையாக 10 பாகை சூடேறும். கீழே வந்து சேரும்போது 35 பாகை!

30 பாகையில் புறப்பட்ட காற்று 35 பாகையில் எம்மை அடைகிறது. ஈரத்தையும் தொலைத்துவிட்டது. இதுதான் எமது கச்சான். ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைச் சாரலிலும் இதே வகையான காற்று வீசுகிறது. அங்கே அதனை பேர்ன் என்று அழைக்கிறார்கள். உலகில் எங்கெல்லாம் ஈரக் காற்றுக்குக் குறுக்கே மலை நிற்கிறதோ அங்கெல்லாம் ஒருபுறம் மழையும் மறுபுறம் மழை நிழலும் இருக்கும்.

வாடை வீசும் மாதங்களில் இதே நியதி திரும்பி நடக்கிறது. அப்போது மலையின் கிழக்குச் சரிவு மழையைப் பெறுகிறது. மேற்கே காய்கிறது. மலை எவருக்கும் பாரபட்சம் காட்டுவதில்லை. முறைபோட்டுக் கொடுக்கிறது. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். எமது சமதரைக் கரையில் விழும் மாரி மழை எல்லாம் மலையால் வருவதல்ல. வங்காள விரிகுடாவில் உண்டாகும் குழப்பங்களும் தாழமுக்கங்களுமே பெரும் மழையைக் கொண்டுவருகின்றன. ஆகவேதான் ஒரு மாரியைப்போல் மறு மாரி இருப்பதில்லை.

அந்தத் தண்ணீர் எங்கே போனது?

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். மலையில் விழும் நீர் எந்தக் கடலுக்குப் போகும் என்பதை அது விழும் சரிவே தீர்மானிக்கிறது. ஹற்றன் பக்கத்தில் உள்ள காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் களனி கங்கையின் கிளைகளை மறித்துக் கட்டப்பட்டவை. அங்கே நிரம்பி வழிந்த நீர் கொழும்புக்கு அருகே கடலில் கலந்தது. மகாவலி கங்கையும் மழை மிகுந்த மேற்கு மலைகளில் ஊற்றெடுத்தாலும் கண்டியைச் சுற்றி வளைந்து திருகோணமலைக் கடலைச் சேருகிறது. அது எமது வட்டைகளுக்கு வருவதில்லை.

எமது வயல்களுக்கு நீர் தருவது கல்லோயா. எமது முன்னோர் பட்டிப்பளை ஆறு என்று அழைத்த ஆறு இது. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் ஊற்றெடுத்து, இங்கினியாகலையைக் கடந்து, 108 கிலோமீற்றர் ஓடி, கல்முனைக்குத் தெற்கே கடலை அடைகிறது. 1949 ஆம் ஆண்டு கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டது. அதன் பின்னால் உள்ள சேனநாயக்க சமுத்திரம் 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி நீரைக் கொள்ளக்கூடியது.

இந்த ஆற்றின் ஊற்றுப் பகுதி முழுவதும் மலையின் கிழக்குப் பக்கத்தில் உள்ளது. அதாவது, எம்மைப்போலவே அதுவும் வாடை மழையை நம்பியிருக்கிறது. தென்மேல் மழை அதை எட்டுவது மிகக் குறைவு. ஆகவே சிறுபோகத்தில் நாம் வாய்க்காலில் காணும் தண்ணீர், அந்த மாதத்தில் மலையில் பெய்த மழையன்று. முந்திய மாரியில் சேர்த்துவைத்த சேமிப்பு. சிறுபோகம் தொடங்கும்போது குளத்தில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் முதல். பிறகு நுவரெலியாவில் எவ்வளவு கொட்டினாலும் எமது கணக்கில் வரவு ஏறாது. செலவு மட்டுமே இருக்கும்.

ஆகவே சிறுபோகத்தில் கேட்கவேண்டிய கேள்வி, "மலையில் மழையா?" என்பதல்ல. "சித்திரை முதலாம் திகதி இங்கினியாகலையில் எத்தனை அடி தண்ணீர்?" என்பதே.

தண்ணீர் குறைந்தபோது மனிதர் செய்தது

சேமிப்புக் குறைவாக இருந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தமல்ல. எமது கல்லோயாவின் இடது கரையில் நடந்த ஒரு விடயம் உலகின் பல நாடுகளில் இன்றும் உதாரணமாகக் கூறப்படுகிறது.

1981 ஆம் ஆண்டு சிறுபோகம் தொடங்கும்போது சேனநாயக்க சமுத்திரத்தில் கால்வாசி நீரே இருந்தது. இடது கரை வாய்க்காலின் தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். கடைசிப் பகுதியில் தமிழ் பேசும் விவசாயிகள். வாய்க்கால்கள் பழுதடைந்து, தலைப்பகுதியார் தேவைக்கு மேல் எடுப்பதும் கடைசிப் பகுதியார் காய்வதும் வழக்கமாகிவிட்டிருந்த காலம். அந்த ஆண்டில்தான் கமத்தொழில் ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளம் ஒழுங்கமைப்பாளர்களைக் கிராமங்களுக்கு அனுப்பின. அவர்கள் விவசாயிகளைச் சிறு சிறு வயல் வாய்க்கால் குழுக்களாகக் கூடிப் பேசவைத்தார்கள். சில கிழமைகளுக்குள்ளேயே விவசாயிகள் தாமாகவே வாய்க்கால்களைத் துப்புரவாக்கினார்கள். முறைவைத்துத் தண்ணீர் எடுத்தார்கள். மிச்சம் பிடித்த நீரைக் கீழேயுள்ளவர்களுக்கு விட்டார்கள். கீழேயுள்ளவர் எந்த மொழி பேசுபவர், எந்தச் சமயத்தவர் என்று தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கப்படவில்லை.

பல ஆண்டுகளின் பின்னர், 1997 ஆம் ஆண்டுச் சிறுபோகத்திலும் வரட்சி. குளத்திலுள்ள நீர் 65,000 ஏக்கரில் 15,000 ஏக்கருக்கே போதும் என மதிப்பிடப்பட்டது. விவசாயிகள் அமைப்புக்கள் பொறுப்பேற்று, சிக்கனமாகப் பகிர்ந்து, 65,000 ஏக்கரிலும் பயிர் செய்து நல்ல விளைச்சலும் பெற்றன. இடையில் எத்தனை துயரமான வருடங்கள் இந்த மாவட்டத்தில் கடந்துபோயின என்பதை வாசகர்கள் அறிவார்கள். அதன் பின்னரும் அந்தப் பகிர்வு நிலைத்திருந்தது என்பதே இதில் நாம் கவனிக்கவேண்டியது.

மழை அளவுக்கு மிஞ்சும்போது

எமது பருவத்தின் மறுமுகம் வெள்ளமும் சூறாவளியும். 1957 டிசம்பரில் வந்த பெருவெள்ளத்தை மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளி 900க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. தென்னந்தோட்டங்கள் ஒரே இரவில் சாய்ந்தன. 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளங்களால் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அறுவடைக்கு நின்ற பெரும்போக வெள்ளாமை பல வட்டைகளில் நீரிலேயே முளைத்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியோ மலைநாட்டையே உலுக்கியது. மண்சரிவுகளாலும் வெள்ளத்தாலும் நாட்டில் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். கடலில் பிறந்த சூறாவளி மலையில் ஏன் இத்தனை அழிவைச் செய்தது என்று கேட்டால், மேலே சொன்ன நியதியே பதில். ஈரக் காற்று மலையேறினால் மழை பன்மடங்காகும். சரிவில் ஊறிய மண் நில்லாது.

எமது கரையோரத்தின் ஆபத்து வேறு விதமானது. மேலே விழுந்த மழை ஆறுகளில் இறங்கி வரும்போது எமது தரையிலும் மழை விழுந்துகொண்டிருக்கும். தரையோ தட்டையானது. கடலுக்கும் வயலுக்கும் இடையே மணல்மேடு. நீர் வெளியேற வழியின்றி வயல்வெளி கடலாகும். கிட்டங்கி, மாவடிப்பள்ளி போன்ற தாம்போதிகளுக்கு மேலால் நீர் பாயும். 2024 நவம்பர் 26 ஆம் திகதி மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரப் பெட்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுப் பலர் உயிரிழந்ததை நாம் எவரும் மறக்க முடியாது. முழங்காலளவு நீர்தானே என்று நினைக்கவேண்டாம். ஓடும் நீருக்கு உழவு இயந்திரத்தையும் புரட்டும் பலம் உண்டு. தாம்போதியின் ஓரம் நீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. அன்று போகவேண்டிய பயணம் எதுவானாலும் நாளைக்குப் போகலாம்.

சூறாவளி பற்றி ஒரு குறிப்பு. அதன் நடுப்பகுதி எம்மைக் கடக்கும்போது காற்று திடீரென ஓய்ந்துவிடும். முடிந்துவிட்டது என்று எண்ணி வெளியே வருபவர்களை, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து வரும் காற்றுத் தாக்கும். அறிவித்தல் வரும்வரை உள்ளேயே இருங்கள்.

நாம் செய்யக்கூடியவை

வானத்தை நாம் மாற்ற முடியாது. எமது திகதிகளை மாற்றலாம். கீழ்வருவன இடம்பெயர்ந்து வந்து புதிய தரையில் பயிர் செய்யும் குடும்பங்களை மனதிற்கொண்டு எழுதப்பட்டவை.

1. விதைப்பு நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். மூன்றரை மாத நெல்லுக்குச் சுமார் 105 நாள். ஒக்டோபர் 20 இல் விதைத்தால் பெப்ரவரி 2 அளவில் அறுவடை. நவம்பர் 10 இல் விதைத்தால் பெப்ரவரி 23. பள்ளக் காணியாயின் மழை பலப்பதற்கு முன்னரே பயிர் உயர்ந்து நிற்கவேண்டும். எனவே முந்தி விதைப்பது நல்லது. முந்த முடியாவிட்டால் அத்தரையில் நட்டத்துக்கு இடமுண்டு என்பதை அறிந்தே கடன் வாங்குங்கள்.

2. சிறுபோகத்தில் கச்சானை முந்துங்கள். நெற்பூ காலையில் விரியும் நேரத்தில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுக் கதிர் பதராகும். மூன்று மாத நெல்லை ஏப்ரல் முதற் கிழமையில் விதைத்தால் ஜூன் தொடக்கத்தில் பூக்கும். மே நடுப்பகுதியில் விதைத்தால் ஜூலை நடுப்பகுதியில், கச்சான் உச்சத்தில் பூக்கும். தண்ணீரும் அப்போது இறுதிக் கட்டத்தில் இருக்கும்.

3. ஆரம்பக் கூட்டத்துக்குப் போங்கள். எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர், எந்தத் திகதியில் திறப்பு, எந்தத் திகதியில் பூட்டு என்பன அங்கேதான் தீர்மானிக்கப்படுகின்றன. காணி உறுதி இல்லாதவர்களும் குத்தகைக்குச் செய்பவர்களும் அது உரித்தாளருக்கு உரிய கூட்டம் என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். பயிர் வாடினால் வாடுவது செய்தவனின் வயிறுதான். கமநல சேவை நிலையத்தில் உங்கள் செய்கையைப் பதிந்து, கமக்காரர் அமைப்பில் சேரும் வழியைக் கேளுங்கள். காப்புறுதி பற்றியும் அங்கேயே விசாரித்து, போகம் தொடங்குமுன் முடித்துக்கொள்ளுங்கள்.

4. மழையை அளவுங்கள். நேரான பக்கங்களுள்ள ஒரு தகரப் பேணியை, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் தடியில் கட்டிவையுங்கள். ஒவ்வொரு நாளும் காலை ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். பாடசாலைப் பிள்ளைகளே இதைச் செய்யலாம். ஒரு ஏக்கரில் 25 மில்லிமீற்றர் மழை என்றால் ஏறத்தாழ ஒரு இலட்சம் லீற்றர் தண்ணீர். வெயில் காலத்தில் நெல்வயலுக்கு நாளொன்றுக்கு ஏழெட்டு மில்லிமீற்றர் தேவை. ஆகவே அந்த மழை மூன்று நாளைய தண்ணீர். நல்ல மழை பெய்தால் மடையைப் பூட்டுங்கள். அந்த மூன்று நாள் தண்ணீர் கீழேயுள்ளவருக்குப் போய்ச் சேரும்.

5. இடிச் சத்தம் கேட்டால் வயலைவிட்டு வெளியேறுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் மின்னல் கொடியது. தனிமரத்தின் கீழோ, பக்கம் திறந்த வாடியிலோ நிற்கவேண்டாம். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கவேண்டாம்.

6. எச்சரிக்கைகளைக் கேளுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வொரு நாளும் தமிழிலும் அறிவித்தல் வெளியிடுகிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117. பசுபிக் சமுத்திரம் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் எமக்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கூடவும், அதன் பின்னர் குறையவும் பெரும்பாலும் இடமுண்டு. குளிரும் லா நினா ஆண்டுகளில் இது மாறி நிகழக்கூடும். 2011 வெள்ளம் அத்தகைய லா நினா ஆண்டொன்றில் வந்ததே. இது எப்போதும் தவறாத விதியல்ல. ஆயினும் விதைநெல் வாங்குமுன் கேட்டறியவேண்டிய செய்தி.

7. புதிய ஊரின் மூத்தவர்களிடம் கேளுங்கள். எந்த வட்டையில் முதலில் நீர் ஏறும், எந்த வாய்க்காலில் கடைசியாக நீர் வரும், 2011 இல் எந்த வரம்புவரை வெள்ளம் நின்றது என்பவை அவர்களிடம் உள்ளன. இவை எந்த வரைபடத்திலும் இல்லை. கேட்பதில் வெட்கமில்லை. கேளாமல் விதைப்பதுதான் நட்டம்.

இறுதியாக

2016 ஆம் ஆண்டு மாரி பொய்த்ததால் 2017 இல் நாடு கண்ட கடும் வரட்சியையும், அதன் பின்னர் வந்த வெள்ளங்களையும் பார்க்கும்போது, பருவங்கள் முன்னரைப்போல் ஒழுங்காக இல்லை என்று விவசாயிகள் சொல்வதில் உண்மையுண்டு. பூமி சூடேற, காற்று தாங்கும் ஈரமும் கூடுகிறது. எனவே பெய்யும்போது கடுமையாகப் பெய்கிறது. ஆனால் மலை நகரவில்லை. வாடையும் கச்சானும் திசை மாறவில்லை. எமது ஆறு இன்னும் கிழக்குச் சரிவிலிருந்தே வருகிறது. ஆகவே அடிப்படைக் கணக்கு மாறவில்லை. அதைத் தெரிந்தவனுக்கே மாற்றத்தையும் கவனிக்க முடியும்.

அந்தத் தாய் பட்ட கடனைத் தீர்க்க நான்கு போகங்கள் எடுத்தன. கூலிக்கு நாற்று நட்டும், அயலவரின் வயலில் களை பிடுங்கியும் அடைத்தார். அடகுவைத்ததை மீட்க முடியவில்லை. ஆனால் காணியை விட்டுவிடவில்லை. நாம் கடைசியாக அங்கே சென்றபோது வேலிக் கம்பில் ஒரு பால்மாப் பேணி கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் அவருடைய பேத்தி, கொப்பியும் அடிமட்டமுமாக நின்றாள். வட்டவிதானை இப்போது அதிகம் நடமாடுவதில்லை. மழை பெய்த மறுநாட் காலையில் பிள்ளை அவருடைய வாசலுக்குப் போய், "அப்பா, நேத்து முப்பத்திரெண்டு" என்று சொல்லிவிட்டு வருவாளாம். அவர் மடையைப் பூட்டலாமா, விடலாமா என்று பதில் சொல்லி அனுப்புவாராம்.

உங்கள் வேலியிலும் ஒரு பேணியைக் கட்டுங்கள். அடுத்த மாரிக்கு இன்னும் நாளிருக்கிறது.